200 மில்லிவாட்டில் அயனி மண்டலத்தைப் படிப்பது: தண்டையார்பேட்டை மொட்டை மாடிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: தண்டையார்பேட்டையில் மூன்று மாடி வீடு. மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பி கட்ட வீட்டு உரிமையாளர் சம்மதித்துவிட்டார். மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு கொடுத்த ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமமும் கையில் இருக்கிறது. 100 வாட் ரிக் (அனுப்பவும் கேட்கவும் ஆகும் ரேடியோ) வாங்கும் அளவுக்குப் பணம் இல்லை. கால் வாட்டுக்கும் குறைந்த சிக்னலை வைத்துக்கொண்டு, வானில் உயரே ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தின் வழியே நடக்கும் அலை பரவலை உருப்படியாகப் படிக்க முடியுமா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால் வடசென்னையில் 100 வாட் ரிக்கைவிட இதுதான் பொருத்தமான வேலை. அந்த ரிக்கில் பேச வேண்டுமானால் எதிர்முனையின் பதில் உங்கள் காதில் விழ வேண்டும். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மாடிக்கு மாடி செட்டாப் பாக்ஸ், லிஃப்ட் மோட்டார் எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில் அது விழாது. குறைந்த சக்தி பீக்கனில், அதாவது ஒரே அடையாளச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும் கருவியில், நீங்கள் அனுப்பினால் மட்டும் போதும். கேட்கும் வேலையை ஆஸ்திரேலியப் புறநகரிலோ ஐரோப்பியப் பண்ணையிலோ அமைதியான இடத்தில் இருக்கும் ரிசீவர்கள் செய்து, முடிவை இணையத்தில் ஒரு பொது அட்டவணையில் ஏற்றிவிடும். அதில் விழும் ஒவ்வொரு பதிவும் ஒரு ஸ்பாட். நம் தெருவின் சத்தம் அந்த அளவீட்டுக்குள் நுழைவதே இல்லை. ஆகவே முதலில் அனுப்புங்கள், கேட்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கான முறை விஸ்பர். பல்சார் ஆய்வுக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்டது. ஒரு செய்தியில் இருப்பது மொத்தம் 50 பிட்: அழைப்புக் குறிக்கு 28, நான்கு எழுத்து கிரிட் லொகேட்டருக்கு (நீங்கள் இருக்கும் வரைபடக் கட்டத்தின் குறி) 15, சக்திக்கு 7. பிழை திருத்தக் குறியீட்டுடன் சேர்ந்து இது 162 குறிகளாகி, 1.46 ஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ள நான்கு தொனிகளில் 110.6 விநாடி ஓடும். மொத்த அகலம் சுமார் 6 ஹெர்ட்ஸ். அவ்வளவு குறுகலாகவும் மெதுவாகவும் போவதால், 2500 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு ஒப்பிட்டு மைனஸ் 28 டெசிபெல் வரை புதைந்த சிக்னலையும் கணினி தோண்டி எடுத்துவிடும். காதுக்கு அங்கே எதுவுமே கேட்காது.

அந்த 50 பிட்டில் சக்தி என்பது நீங்கள் தட்டச்சு செய்யும் எண், கருவி அளந்து சொல்வதல்ல. அதில் பொய் இருந்தால் ஆய்வு முழுக்கப் பொய். அளப்பது சுலபம். இரண்டு 100 ஓம் கார்பன் ரெசிஸ்டர்களை இணையாகச் சேர்த்து 50 ஓம் டம்மி லோடு ஆக்குங்கள். ஃபில்டருக்குப் பின்னால் அதை மாட்டி, ஆஸிலோஸ்கோப்பில் உச்சியிலிருந்து உச்சி வரை வோல்ட்டேஜைப் பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கத்தை 400-ஆல் வகுத்தால் வாட். 9 வோல்ட் வந்தால் 200 மில்லிவாட், அதாவது 23 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). 2 வோல்ட் என்றால் 10 மில்லிவாட், 10 டிபிஎம். விஸ்பரில் 0, 3, 7 என்று முடியும் எண்கள்தான் செல்லும். அருகில் இருப்பதைப் போடுங்கள்.

கிரிட்டில் ஒரு சின்ன உள்ளூர் விஷயம். 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகை நகருக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் எல்லாம் என்கே03. திருவள்ளூர் எம்கே93. ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து ஊர்ப் பெயருக்கு லொகேட்டர் எடுக்காதீர்கள். தவறான கட்டத்தில் விழுந்தால் தூரமும் திசையும் ஒவ்வொரு பதிவிலும் தவறும்.

டிரான்ஸ்மிட்டருக்கு வருவோம். அதிர்வெண்ணை உருவாக்கும் எஸ்ஐ5351 சிப் உள்ள சின்ன போர்டு, அதை இயக்கும் ஆர்டுயினோ நேனோ, நேரம் சொல்லும் நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் ஆகிய மூன்றும் மூளை. எஸ்ஐ5351 நேராகவே சுமார் 10 மில்லிவாட் தரும். அதன் பின்னால் ஒரு பிஎஸ்170 மாஸ்ஃபெட்டை 5 வோல்ட்டில் ஓட்டினால் 200 மில்லிவாட் அளவுக்கு வந்துவிடலாம். பிஎஸ்170-ஐச் சாகடிப்பது பெரும்பாலும் கேட் பயாஸ், அதாவது அதன் கேட் முனையில் கொடுக்கும் நிலையான வோல்ட்டேஜ்தான். பவர் போடும் முன் டிரிம்பாட்டைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வைத்து, டம்மி லோடுடன், கரன்ட்டைப் பார்த்தபடி மெதுவாக ஏற்றுங்கள். விரல் வைக்க முடியாத சூடு வந்தால் பயாஸ் அதிகம், அல்லது லோடு கழன்றிருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியின் ஒரு பின்னிலிருந்தே விஸ்பர் அனுப்பும் மென்பொருளும் உண்டு. செலவு குறைவு, ஆனால் ஃபில்டர் இல்லாமல் அதில் ஒரு சாண் கம்பிகூட மாட்டக் கூடாது.

காரணம், இவை எல்லாம் வெளியிடுவது சதுர அலை. சதுர அலையில் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) மூல சிக்னலைவிட 9.5 டெசிபெல்தான் குறைவு. 14.097 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் 42.29-இலும் கத்துவீர்கள். அது ஹாம் பேண்டே அல்ல. 20 மீட்டர் பேண்டுக்கான (14 மெகாஹெர்ட்ஸ்) ஏழு உறுப்பு லோ-பாஸ் ஃபில்டரில் நான்கு கெபாசிட்டர், மூன்று காயில். ஓரங்களில் 180 பிகோஃபாரட், நடுவில் இரண்டு 390 பிகோஃபாரட், எல்லாமே சூட்டில் மாறாத சி0ஜி வகை. காயில்களுக்கு டி37-6 மஞ்சள் டொராய்டு: வெளிக் காயில்கள் இரண்டுக்கும் 16 சுற்று, நடுக் காயிலுக்கு 17 சுற்று. கம்பி வளையத்தின் உள்ளே ஒரு முறை போனாலே ஒரு சுற்று என்று எண்ண வேண்டும். பலரும் வெளிப்புறம் எண்ணி ஒன்று கூடவோ குறையவோ சுற்றிவிட்டு, சக்தி பாதியாக இருக்கிறதே என்று பிஎஸ்170-ஐ மாற்றிக்கொண்டிருப்பார்கள். ரிச்சி தெருவில் கனெக்டர், ஆர்ஜி-58 கேபிள், ரெசிஸ்டர் எல்லாம் நின்ற இடத்தில் கிடைக்கும். டொராய்டுக்கு மட்டும் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பழைய கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையம் வேறு பொருள், இந்த அதிர்வெண்ணுக்கு ஆகாது.

அதிர்வெண்ணில் பிழைக்கு இடம் குறைவு. விஸ்பருக்கு ஒவ்வொரு பேண்டிலும் 200 ஹெர்ட்ஸ் அகல ஜன்னல்தான்: 40 மீட்டரில் 7.0400 முதல் 7.0402, 20 மீட்டரில் 14.0970 முதல் 14.0972, 10 மீட்டரில் 28.1260 முதல் 28.1262 மெகாஹெர்ட்ஸ். மலிவு போர்டின் கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 10 பங்கு தவறினாலே 14 மெகாஹெர்ட்ஸில் 141 ஹெர்ட்ஸ் விலகிவிடும். ஜன்னலுக்கு வெளியே போன சிக்னலை உலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். "மூன்று நாளாக ஒரு ஸ்பாட்கூட இல்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆன்டெனா அல்ல. ஜிபிஎஸ் மாட்யூலின் ஒரு விநாடித் துடிப்பை வைத்து எஸ்ஐ5351-இன் அதிர்வெண்ணை எண்ணி, திருத்தத்தை மென்பொருளில் ஏற்றுங்கள். 20 மீட்டருக்கு 14.0971 என்று நடுவில் குறிவைத்தால் இரு பக்கமும் இடம் இருக்கும்.

அடுத்தது நகர்வு. இரண்டு நிமிடத்துக்குள் சிக்னல் ஒரு பக்கமாக 4 ஹெர்ட்ஸ் வரை நகர்ந்தாலும் டீகோடர் (செய்தியைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) சமாளிக்கும், அதற்கு மேல் விட்டுவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிப் பெட்டிக்குள் வைத்தால் கிரிஸ்டல் எங்கேயோ போய்விடும். டிரான்ஸ்மிட்டரை வீட்டுக்குள், ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில், தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். கேபிள் மட்டும் மேலே போகட்டும். பதிவுகளில் நகர்வைக் காட்டும் கட்டம் எப்போதும் மைனஸ் 2, மைனஸ் 3 என்றே வந்தால் பிஎஸ்170-இன் சூடு கிரிஸ்டலைத் தொடுகிறது என்று அர்த்தம். இரண்டையும் தள்ளி வையுங்கள்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரட்டைப்படை நிமிடம் தொடங்கி ஒரு விநாடி கழித்து அனுப்ப வேண்டும். ஒரு விநாடிக்கு மேல் தவறக் கூடாது. ஜிபிஎஸ் இதைப் பார்த்துக்கொள்ளும். நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். 30 நிமிடமும் இரட்டைப்படை என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சரிபார்க்கலாம். பதிவுகள் எல்லாம் உலக நேரத்தில் இருக்கும். சென்னையின் மாலை ஆறு மணி அங்கே 12:30.

இனி கம்பி. 20 மீட்டர் பேண்டுக்கு அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கும் இரு பக்கக் கம்பி) போதும். ஒரு நுனியில் கேபிள் இணைக்கும் எண்டு-ஃபெட் கட்டினால் ஒரே கம்பியில் நான்கு பேண்ட் வரும் என்று சொல்வார்கள். வரும்தான், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இழப்பும், கேபிளின் வெளித்தோல் கதிர்வீசுவதும் உங்கள் அளவீட்டில் கலந்துவிடும். படிப்புக்கு டைபோலே நல்லது. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் 10.14 மீட்டர், பக்கத்துக்கு 5.07. வீட்டு ஒயரிங்குக்கான 1.5 சதுர மில்லிமீட்டர் பிவிசி கம்பியை எடுத்தால் மேலுறையால் நீளம் சில சதவீதம் குறையும். 5.25 மீட்டரில் வெட்டித் தொடங்கி, எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு) பார்த்தபடி சுருக்குங்கள். இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் அதிர்வெண் சுமார் 28 கிலோஹெர்ட்ஸ் ஏறும். வெட்டுவதற்குப் பதில் நுனியை மடித்து முறுக்கினாலும் போதும், பின்வாங்க வழி இருக்கும். ஊட்டுமுனையில் ஆர்ஜி-58 கேபிளைப் பெரிய ஃபெரைட் வளையத்தில் 10 சுற்று சுற்றி, வெளித்தோலில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் சோக் வையுங்கள்.

எந்தத் திசையில் கட்டுவது? சென்னைக்கு இதில் ஒரு வசதி உண்டு. லண்டன் இங்கிருந்து சுமார் 320 பாகையில், 8,200 கிலோமீட்டரில் இருக்கிறது. பெர்த் சுமார் 144 பாகையில், 6,300 கிலோமீட்டரில். இரண்டும் கிட்டத்தட்ட நேரெதிர். கம்பியை வடகிழக்கு-தென்மேற்காக ஓட்டினால் ஒரே டைபோலின் இரண்டு முகமும் ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் பார்க்கும். சிங்கப்பூர் 115 பாகை, அதுவும் முகத்துக்கு அருகிலேயே. ஆனால் மாடியின் அமைப்பு அனுமதிக்கும் திசைதான் கடைசியில் கிடைக்கும். கிழக்கு-மேற்காகத்தான் கட்ட முடிகிறது என்றால் கட்டிவிடுங்கள், மாற்றாமல் மட்டும் இருங்கள். உயரம் தளத்திலிருந்து 4 மீட்டருக்குக் குறைய வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி வலையும் தரைபோல நடந்துகொள்ளும்.

கடலோரத்தில் கட்டியதை அப்படியே விட்டுவிட முடியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று ஒரே பருவத்தில் சாலிடர் இணைப்பைப் பச்சையாக்கிவிடும். பிஎல்259 கனெக்டரின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதா இன்சுலேஷன் டேப். கேபிள் கீழே இறங்கும் முன் ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். காற்றாடி சீசனில் அறுந்த நூல் வந்து கம்பியில் சிக்கும்; நூலை இழுக்காமல் கம்பத்தை இறக்கி எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஈபி லைன். கம்பம் சாய்ந்தாலும் கம்பி அறுந்தாலும் தெரு மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். அது இல்லாத மாடியில் இந்த வேலையே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள்.

இனி ஓட்டலாம். மணிக்கு இரண்டு நிமிட இடங்கள் 30 உண்டு. அதில் ஐந்தில் ஒன்று, அதாவது ஆறு முறை, அனுப்பினால் போதும். நீங்கள் நிலையத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுங்கள். 20 மீட்டர் திறந்திருக்கும் பிற்பகலில் முதல் மணி நேரத்திலேயே சில ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி யாராவது கேட்டிருப்பார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்த பின் அதை மூடிவிட்டு அட்டவணைக்கு வாருங்கள். மிகத் தூரமான ஒரு ஸ்பாட் எதையும் நிரூபிக்காது. தனியாக ஒரே ஒரு முறை வந்த அதிசய ஸ்பாட் பல நேரம் பொய் டீகோடாகக்கூட இருக்கும்.

அட்டவணையை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு கணக்கு. பெர்த் பக்க ரிசீவர் ஒன்று, அதே இரண்டு நிமிடத்தில், உங்கள் 23 டிபிஎம் சிக்னலை இரைச்சலோடு ஒப்பிட்டு மைனஸ் 21 டெசிபெல் என்றும், நகரின் இன்னொரு நிலையத்தின் 37 டிபிஎம் சிக்னலை மைனஸ் 10 என்றும் பதிந்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் ஒரு வாட்டுக்கு, அதாவது 30 டிபிஎம்முக்குக் கொண்டுவாருங்கள். உங்களுடையதில் 7 கூட்டினால் மைனஸ் 14. அவருடையதில் 7 கழித்தால் மைனஸ் 17. பாதையும் ரிசீவரும் நேரமும் ஒன்றே என்பதால் அந்த 3 டெசிபெல் வித்தியாசம் ஆன்டெனாவும் கேபிளும் இருக்கும் இடமும் சேர்ந்தது. ஒரு பதிவில் இது எதுவுமில்லை. இருநூறு இணைப் பதிவுகளின் இடைநிலை எண்ணிலும் அதே 3 டெசிபெல் நின்றால் நம்பலாம். இன்று உங்கள் ஸ்பாட், நாளை அவர் ஸ்பாட் என்று ஒப்பிட்டால் அயனி மண்டலத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கேட்காத இரண்டு நிமிட இடங்களையும் எண்ண வேண்டும். ஆறு முறை அனுப்பி இரண்டுதான் பதிவானால் மற்ற நான்கும் தரவுதான். ஆனால் அந்த ரிசீவர் அப்போது உயிரோடு இருந்ததா? அதே நேரத்தில் அது வேறு யாரையாவது கேட்டிருந்தால் உயிரோடு இருந்தது, ஆக உங்கள் சிக்னல்தான் கீழே போனது. யாரையுமே கேட்கவில்லை என்றால் அந்த இடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வடிகட்டலைச் செய்யாததால்தான் யாரோ கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனது பலருடைய வரைபடத்தில் "அலைவரிசை மூடியது" என்று பதிவாகிறது.

இந்த ஊருக்கென்றே இருக்கும் விஷயம் மாலையில் வருகிறது. காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு, தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதற்கும் அதுதான் காரணம். சூரியன் மறைந்ததும் நடுக்கோட்டின் மேல், அயனி மண்டலத்தில் அலைகளைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கு விநாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் மேலேறும். அதன் அடிப்பகுதி நிலை தடுமாறி, அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து கிளம்பும். இதைத்தான் ஸ்பிரெட்-எஃப் என்கிறோம். இந்திய நெடுக்கோட்டில் மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாலைகளில், அதுவும் சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், இது கடுமை. 25-ஆம் சூரியச் சுழற்சி 2024-இல் உச்சத்துக்கு வந்ததால் அடுத்த சில ஆண்டுகளும் வீணல்ல.

விஸ்பருக்கு அது என்ன செய்கிறது? 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 21 மீட்டர். பாதையின் நீளம் விநாடிக்கு 21 மீட்டர் மாறினால் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் விலகும், இதுதான் டாப்ளர். குமிழிகள் நிறைந்த பகுதியில் பல பாதைகள் பல வேகத்தில் மாறுவதால் ஒரே தொனி சில ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கலைந்துவிடும். தொனிகளின் இடைவெளியே 1.46 ஹெர்ட்ஸ்தான். ஆகவே சிக்னல் பலமாகத்தான் இருக்கும், அதிர்வெண்ணை நேரத்தோடு வரையும் நீர்வீழ்ச்சித் திரையில் பஞ்சுபோலப் பரந்த கோடாகக்கூடத் தெரியும், டீகோடு மட்டும் ஆகாது. இதைச் சாதாரண மங்கலிலிருந்து பிரிப்பது அட்டவணையில் தெரியும் வடிவம்தான். பேண்ட் மெதுவாக மூடினால் எண்கள் மைனஸ் 15, 19, 23, 27 என்று இறங்கி மறையும். ஸ்பிரெட்-எஃப் என்றால் மைனஸ் 12-இல் இருந்த சிக்னல் திடீரென்று காணாமல் போகும், ஒன்றிரண்டு மணி கழித்து மறுபடி மைனஸ் 14-இல் வந்து நிற்கும்.

பெர்த் போகும் பாதை காந்த நடுக்கோட்டை வெட்டுகிறது, லண்டன் போவது வெட்டுவதில்லை. ஒரே மாலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், குமிழிகள் காந்தப்புலக் கோடுகளோடு வடக்கே எவ்வளவு தூரம் நீண்டன என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். தெற்குப் பாதை மட்டும் அறுந்து வடமேற்கு நின்றால் குமிழிகள் தாழ்வு. இரண்டும் அறுந்தால் உயரமாக எழுந்து வடக்கேயும் பரவியவை. ஏழு மணி முதல் பதினொன்று வரை, அந்த நான்கு மாதங்களில், ஆன்டெனாவையும் சக்தியையும் தொடாமல் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் மட்டும் ஐந்தில் ஒன்றுக்குப் பதில் மூன்றில் ஒன்றாக, மணிக்குப் பத்து முறை அனுப்பினால் அறுந்த நிமிடம் துல்லியமாகத் தெரியும்.

பகலில் பார்க்க எளிதானது சூரிய வெடிப்பு. பெரிய எக்ஸ் வகை வெடிப்பு வந்தால் பகல் பக்கத்தில் அயனி மண்டலத்தின் அடியில் உள்ள டி அடுக்கு அலைகளை உறிஞ்ச ஆரம்பிக்கும். தாழ்ந்த அதிர்வெண் முதலில் சாகும், கடைசியில் உயிர்பெறும். 20 மீட்டரோடு 10 மீட்டரிலும் ஒரு டைபோல் இருந்தால் (பக்கத்துக்கு 2.54 மீட்டர்தான்) இந்த வரிசையை அப்படியே பிடிக்கலாம். அமெரிக்க ஜியோஸ் செயற்கைக்கோளின் எக்ஸ்-கதிர் வரைபடம் இணையத்தில் இலவசம். நிமிடத்தோடு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

கேட்கும் ஆசை விடவில்லை என்றால், கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவரை மாட்டும் முன் பேட்டரி ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு மெயினை அணைத்துப் பாருங்கள். சத்தம் விழுந்தால் எதிரி உங்கள் வீட்டுக்குள். ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். விழவில்லை என்றால் பக்கத்து வீடு, அதற்கு மருந்து கம்மி. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் போன்ற நடுத்தர அலை நிலையங்கள் அந்தச் சின்ன டாங்கிளைத் திணறடிக்கும் என்பதால் முன்னால் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் அவசியம். அமைதி வேண்டுமானால் பேட்டரியோடு திருவொற்றியூர் கடற்கரைக்குப் போகலாம். உப்புநீர் ஓரத்தில் நிற்கும் செங்குத்துக் கம்பி தாழ்ந்த கோணத்தில் கிழக்கே நன்றாகக் கேட்கும். துறைமுகம் பக்கம் என்பதால் யாராவது வந்து விசாரிப்பார்கள், உரிமத்தின் நகலைப் பையிலேயே வைத்திருங்கள்.